கௌரி போட்ட கையெழுத்து

கௌரி விமானப் பொறியியல் படிக்கப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு, கலந்தாய்வு நடந்த அன்று, சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டு பிரிவுகளில்தான் இடம் மிச்சம் இருந்தது. ஒன்று அச்சுத் தொழில்நுட்பம், இன்னொன்று விமானம். சேலத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மாதப்பன் சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டுக்காரர். கொஞ்சம் காப்பி, அதற்குள் மிளகு, மேட்டில் சாமை என்று பாடுபடுகிறவர். திரையில் இருந்த சொல்லை விரலால் காட்டி, "ஏனுங்க, இது ஏரோப்ளேன் ஓட்டறதுங்களா?" என்று சென்டர்காரரைக் கேட்டார்.

"ஓட்டறது இல்லீங்க. செய்யறது."

"அப்பச் சரி," என்றார் மாதப்பன். கௌரி பட்டனை அழுத்தினாள். மழை வருவதற்குள் ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

முதல் இரண்டு வருடம் படித்தாள், தேறினாள், அவ்வளவுதான். மூன்றாம் வருடம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன ஜெட் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். காதுமூடியைப் போட்டுக்கொண்டு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு விடுதிக்குத் திரும்பி, அதுவரை மனப்பாடம் செய்திருந்த சமன்பாடுகளை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். எரிபொருள் எவ்வளவு, காற்று எவ்வளவு, சூடு எங்கே போகிறது, சுவர் எதுவரை தாங்கும். தீ என்பது ஓடப் பார்க்கிற ஒன்று, அதை ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் என் படிப்பு என்று அம்மாவிடம் போனில் சொன்னாள். அடுப்பும் அப்படித்தான் என்றாள் அம்மா காளியாயி.

படித்து முடித்ததும் ஒரு சிறிய தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்னச் செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டுக்கு அவர்கள் எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். அலுவலகம் சென்னையில். எஞ்சினை எரித்துப் பார்க்கும் திடல் தெற்கே, ஆள் நடமாட்டமில்லாத ஒரு பொட்டலில். அறுபது பேரில் பெண்கள் நான்கு பேர். திடலுக்குப் போகிறவள் கௌரி மட்டும். திரவ ஆக்சிஜன் தொட்டியிலிருந்து எஞ்சின்வரை போகும் குழாய்களும் வால்வுகளும் அவள் பொறுப்பு. திடலின் தலைமைப் பொறியாளர் ஷெர்வின், நாற்பது வயதுக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது.

கிறிஸ்டோவை அந்த வேலைக்குக் கொண்டுவந்தது கௌரிதான்.

அவனும் அதே மலையில் வெள்ளக்கடைக்காரன். ஏற்காட்டில் அவள் படித்த அதே மிஷன் பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு பட்டறையில் ஜீப் சேஸிஸ்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு விடுமுறையில் அப்பாவின் காப்பிப் பழம் அரைக்கும் மெஷினுக்குக் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. கிறிஸ்டோ வந்து பற்றவைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு கௌரி அந்த இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரே அளவில், அடுக்கிவைத்த நாணயங்கள் சரிந்து கிடப்பதுபோல, சுற்றிலும் ஒரு பிசிறு இல்லை. கம்பெனியில் இருந்த யாருக்கும் இந்தக் கை கிடையாது என்று நினைத்தாள். ஷெர்வினிடம் சொன்னாள். வரச் சொன்னார்கள்.

கிறிஸ்டோவின் அப்பா மனுவேல் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர், இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா லூர்துசெல்வி எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்தில் வேலை. ஒரே பையனை அவ்வளவு தூரம் அனுப்ப அவளுக்கு இஷ்டமில்லை. கௌரி வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடைக்குப் போனாள்.

"வெடி கிடி வெக்கற எடம்னு சொல்றாங்களே கண்ணு," என்றாள் லூர்துசெல்வி.

"வெடி இல்லீங்கம்மா. எஞ்சின். நாங்க எல்லாம் நொம்பத் தள்ளித்தான் இருப்போம். நான் பாத்துக்கறேன்."

"நீ இருக்கறீன்னா சரி."

அந்த டிசம்பரில் எஞ்சின் முதல்முறையாக ஏழு விநாடி எரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கௌரி உட்கார்ந்தபடியே அழுத்தம் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு ஏறி, சமமாக நின்று, இறங்கியது. பின்னாலிருந்து கிறிஸ்டோ குனிந்து, "அக்கா, நம்ம பைப்பு தாங்கிருச்சுங்க்கா," என்றான். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தன் வாழ்க்கையில் அதுபோல ஒரு ஏழு விநாடி இருந்தது என்று பிற்பாடு அவளுக்குத் தெரியும். ஆனால் அது எப்படி இருந்தது என்பதை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜூனில் நீண்ட சோதனை வைத்தார்கள். நூற்றிருபது விநாடி. பார்ப்பதற்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம், ஆக்சிஜன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கை வால்வில் கசிவு தெரிந்தது. ஸ்டோரிலிருந்து புதிய வால்வை எடுத்தார்கள்.

ஆக்சிஜன் போகும் இடத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது. கைரேகை அளவு பிசுக்குகூட ஆகாது. அழுத்தத்தோடு ஆக்சிஜன் வந்து மோதினால் அந்தப் பிசுக்கு பற்றிக்கொள்ளும், பற்றினால் இரும்பும் சேர்ந்து எரியும். அதனால் எந்தப் பாகத்தையும் கழுவி, உலர்த்தி, இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய் இருந்தால் வெளிறிய நீலமாக மினுங்கும். பார்த்தவர் ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது கௌரியின் வேலை.

அன்றைக்கு ஊதா விளக்கு எரியவில்லை. மாற்று விளக்கு மறுநாள் மத்தியானம்தான் சென்னையிலிருந்து வரும் என்றார்கள். சோதனை மறுநாள் காலை.

ஷெர்வின் வந்து நின்றார். "கழுவியாச்சா?"

"ஆச்சு சார். ரெண்டு தடவ."

"டார்ச்சுல பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஆனா டார்ச்சுல தெரியாது சார்."

"முத்திரையோட வந்த புது வால்வுதானே கௌரி. கையெழுத்துப் போட்டுடுங்க. விளக்கு வந்ததும் சோதனைக்கு அப்பறம் கழட்டி ஒரு தடவ பாத்துக்கலாம்."

தாளில் ஒரு கட்டம் இருந்தது: ஊதா விளக்கில் பார்க்கப்பட்டது. அவள் 'ஆம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்தாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கிறிஸ்டோ வால்வை எடுத்துப்போய்ப் பொருத்தினான். போகும்போது, "சாப்புட்டீங்களாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றாள்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்குத் தொட்டியிலிருந்து குழாய்க்கு ஆக்சிஜனைத் திறந்துவிடும் கட்டம். அந்தக் கட்டம்வரை ஒருவர் திடலில் இருக்கலாம், வால்வைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு வந்துவிட வேண்டும். கௌரி கட்டுப்பாட்டு அறையில் கேமராவில் பார்த்தாள். கிறிஸ்டோ விதிப்படி கால் சுற்று திருப்பினான், நின்றான், எண்ணினான். அவன் உதடு அசைவது தெரிந்தது. மறுபடி கால் சுற்று. திரை வெள்ளையாகிவிட்டது.

கௌரி தொட்டியின் பிரதான அடைப்பை மூடினாள். எரிபொருள் பக்கத்தைத் தனியாகப் பிரித்தாள். மூச்சு எடுக்காமல் அழுத்த எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். தீயணைப்புக்குச் சொன்னாள். வரிசையில் எதுவும் தவறவில்லை. கிறிஸ்டோ மருத்துவமனை போகும் வழியில் இறந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது.

அன்றைக்கு அவள் பதறாமல் இருந்ததைப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்த நிதானம் அன்றைக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை.

வெள்ளக்கடையில் அடக்கம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கொட்டச்சேட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். காளியாயி கிறிஸ்டோவை நாலு முறைதான் பார்த்திருப்பாள், ஆனாலும் வாய்விட்டு அழுதாள். கௌரி பக்கத்தில் நின்றாள். மண் ஈரமாக இருந்தது. செருப்பில் ஒட்டியது. பூக்களை எந்தக் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தாள். லூர்துசெல்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். லூர்துசெல்வி ஒருமுறை நிமிர்ந்து கௌரியைப் பார்த்தாள். கௌரியும் பார்த்தாள். ஏதோ செய்ய வேண்டும் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே இருந்தாள். சாமை விதைக்கிற நேரம். காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டியிருந்தது. சொன்ன வேலையைச் செய்தாள். போட்ட சோற்றைத் தின்றாள். ஒருநாள் டீ குடித்து நாக்கு வெந்திருப்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது. பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவர்கள் பேசி முடித்த பிறகு என்ன கேட்டார்கள் என்று நினைவைத் தேடுவாள்.

"ஏஞ்சாமி இப்பிடி இருக்கற," என்றாள் காளியாயி. "ஒருக்கா அழுதுரு. செரியாப் போயிரும்."

"அழுக வல்லீங்கம்மா."

"வல்லாட்டிப் போவுது. சாப்புடு."

மூன்றாவது வாரம் ஷெர்வின் போன் செய்தார். கம்பெனியின் அறிக்கையை மெயிலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கொட்டச்சேட்டில் வீட்டுக்குள் சிக்னல் வராது. அவள் சாமைக்காட்டு மேட்டில் ஏறி நின்று படித்தாள். பதினான்கு பக்கம். பதினோராவது பக்கத்தில் காரணம் இருந்தது: தொழிலாளியின் கையுறையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு, வால்வை விதிக்கு மாறாக வேகமாகத் திறந்தது. வால்வு சுத்தமாகத்தான் இருந்தது என்பதற்கு ஆதாரமாக ஒரு தாளை இணைத்திருந்தார்கள். அதில் அவளுடைய கையெழுத்து இருந்தது. தேதி, நேரம், ஆம்.

ஷெர்வின் மறுபடி கூப்பிட்டார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"பொறியாளர்னு நீங்களும் அதுல கையெழுத்துப் போடணும். இந்த வாரம் முடியுமா?"

"அவன் வேகமாத் திறக்கல சார். நான் பாத்தேன்."

"கேமரா பதிவு சரியா இல்ல கௌரி. அறுபது பேர் இருக்காங்க. அவன் இல்ல. அவனுக்கு இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அவர் கெட்டவர் அல்ல. பிணவறை வாசலில் அன்று முழுக்க, தண்ணீர்கூடக் குடிக்காமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கௌரிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. பார்க்கிறேன் சார் என்று வைத்துவிட்டாள். பிறகு இறங்கிப்போய்க் களை பிடுங்கினாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அழைப்பு வந்தது. வெள்ளக்கடைக் கோயிலில் பூசை முடிந்து, வந்தவர்களுக்கு லூர்துசெல்வியின் வீட்டில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு கௌரி டம்ளர்களைப் பொறுக்கிப் பின்பக்கம் கொண்டுபோனாள். லூர்துசெல்வி குத்துக்காலிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டம்ளர்களை வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

"கம்பெனிக்காரங்க வந்தாங்க," என்றாள் தலை நிமிராமல். "பையன் கையில எண்ண இருந்துச்சுங்கறாங்க. அவசரப்பட்டுத் தொறந்துட்டான்ங்கறாங்க."

கௌரி நின்றாள்.

"அவன் அவசரப்படற ஆளு இல்லியே கண்ணு. சட்டப் பித்தான் போடவே பத்து நிமிசம் ஆக்குவான். அவன் கை தப்பா? நீதான் அங்க இருந்த. நீ சொல்லு."

"இல்லீங்கம்மா. அவன் தப்பு இல்லீங்க."

"அப்பறம்?"

பின்வாசலில் ஆரஞ்சு மரத்துக்கு அடியில் கோழி ஒன்று மண்ணைக் கிளறியது. கௌரி சொன்னாள். விளக்கு எரியாததைச் சொன்னாள். டார்ச்சில் பார்த்ததைச் சொன்னாள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். அவன் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்ததையும், நடுவில் எண்ணியதையும் சொன்னாள். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல அவளுக்கே கேட்டது.

லூர்துசெல்வி கையில் இருந்த டம்ளரைக் கழுவி முடித்தாள். கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். நான்கு டம்ளர் கழுவி முடிந்தது.

"இத எழுதித் தருவியா?"

"தரேனுங்க."

"அவன் பேருல தப்பு இல்லைன்னு வருமா?"

"வருங்க."

"அப்ப எழுது." டம்ளரைக் கவிழ்த்தாள். "எழுதிட்டு இங்க வராத. எனக்கு உன்னப் பாக்க முடியாது கண்ணு."

"சரிங்கம்மா."

கௌரி முன்வாசல் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் சுற்றிப் போய் வண்டியை எடுத்தாள்.

நான்கு பக்கம் எழுதினாள். தமிழில், கையால். அடித்தல் திருத்தல் இல்லை. ஏற்காடு போஸ்ட் ஆபீஸில் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி என்று முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தாள். அதன் நகலை ஷெர்வினுக்கு மெயிலில் அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து அவளுடைய வேலையும் நுழைவு அனுமதியும் நிறுத்தப்பட்டிருப்பதாக இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது.

ஆகஸ்டில் விசாரணை. மாவட்ட அலுவலகத்தில் நீளமான மேஜை. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீலும் ஷெர்வினும். ஷெர்வின் மெலிந்திருந்தார்.

"இந்தக் கடிதத்தால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியுங்க."

"யாராச்சும் எழுதச் சொன்னாங்களா?"

"கேட்டாங்க. நான்தான் எழுதினேன்."

"பாக்காம பாத்ததா ஏன் போட்டீங்க?"

அதற்குப் பதில் இருக்கும் என்று வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தேடிக்கொண்டு வந்திருந்தாள். "நேரம் இல்லைன்னு போட்டேங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்," என்றாள். வேறு எதுவும் இல்லை.

அதிகாரி ஷெர்வின் பக்கம் திரும்பினார். வக்கீல் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஷெர்வின் அவர் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"நான்தான் மேடம் போடச் சொன்னேன்," என்றார். "அவங்க டார்ச்சுல தெரியாதுன்னு சொன்னாங்க. நான் கேக்கல."

எரிந்து மிஞ்சிய வால்வுத் துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஸ்டோரில் அதே பெட்டியில் இருந்த மற்ற வால்வுகளின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தது. துருப் பிடிக்காமலிருக்க எங்கோ பூசி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு முறை கழுவியும் மூலையில் தங்கியிருக்கும் என்றார்கள். திருத்திய அறிக்கையில் கிறிஸ்டோவின் பெயருக்கு எதிரே, குறை ஏதும் இல்லை என்று எழுதினார்கள். திடலை மூடினார்கள். வழக்கு பதிவாயிற்று. அதில் மூன்று பெயர்கள், மூன்றாவது கௌரி.

அறிக்கையின் நகலை மாதப்பன் கையில் கொடுத்து வெள்ளக்கடைக்கு அனுப்பினாள். அவர் திரும்பி வந்து, "குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டாங்க," என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஏதாவது லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மழை நின்று, பனி வந்து, காப்பிப் பழம் சிவந்தது. காலையில் கூடையைக் கட்டிக்கொண்டு போனாள். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே பறித்தார்கள். அவள் பேசாமல் பறித்ததால் அவள் கூடை முதலில் நிறைந்தது.

அடுத்த வருடம் ஏப்ரலில் கல்லூரித் தோழி பவித்ரா கூப்பிட்டாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு புதிய ஆலையில் இருந்தாள். வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் எடுக்கிற ஆலை.

"ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், இன்னொரு பக்கம் ஆக்சிஜன் வருமில்ல. ஆக்சிஜன் பக்கத்துக் குழாய்ங்களப் பாத்து ஏத்துக்கறதுக்கு ஆள் இல்ல கௌரி. வர்றியா?"

"எனக்குக் கேஸ் இருக்கு."

"தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். அறிக்கையப் படிச்சிட்டுத்தான் கேக்கச் சொன்னாங்க."

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். அதிகாரியிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் இருந்தவர், "இங்கயும் நேரம் இருக்காது. அவசரப்படுத்துவாங்க. அப்ப என்ன செய்வீங்க?" என்றார்.

"போட மாட்டேங்க."

"வேலை போகும்னா?"

"ஒருக்காப் போயிருச்சுங்களே."

எடுத்துக்கொண்டார்கள். காளியாயி ஒரு பையில் காப்பித்தூளும் இன்னொன்றில் சாமை அரிசியும் கட்டிக் கொடுத்தாள். மறுபடியும் அந்த மாதிரி இடத்துக்கா என்று கேட்கவில்லை. பஸ் ஏறும்போது மாதப்பன் மட்டும், "எரியற சமாச்சாரமா?" என்றார். ஆமாம் என்றாள்.

கடலோரத்தில் உப்பளங்களுக்கு நடுவே ஆலை. வெயிலில் கண் கூசியது. மலைக்காரிக்கு அந்த வெக்கை பழகவே பழகாது என்றார்கள். அவளுக்கு வெயிலும் குளிரும் ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டாவது மாதம், ஒரு லாரி நிறைய வந்த குழாய்களைத் திருப்பி அனுப்பினாள். ஆலையின் ஒரு பகுதி ஐந்து நாள் நின்றது. சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் சிலர் எழுந்து போனார்கள். அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். அதுவும் அவளுக்கு வலிக்கவில்லை. இந்த வேலைக்கு இப்படி ஒரு ஆள்தான் வேண்டும்போலிருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

அவளுக்குக் கீழே ஜெஸ்லின் என்று ஒரு பயிற்சிப் பொறியாளர் சேர்ந்தாள். கெட்டிக்காரி, கலகலப்பானவள். ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு இணைப்புகளுக்கான ஆய்வுத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். எட்டுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தது. எட்டாவது இணைப்பு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"எட்டாவது எப்பப் பாத்தீங்க?"

ஜெஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏழும் ஒரே செட்டுக்கா, அதுவும் நல்லாத்தான் இருக்கும். எப்படியும் பாக்கத்தானே போறேன். ஊருக்கு ட்ரெயின், அதான். இதுக்காக யாராச்சும் செத்தா போயிருவாங்க?"

"ஆமாம்," என்றாள் கௌரி.

எதிர் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னாள். பெயர் கிறிஸ்டோ, ஊர் வெள்ளக்கடை, வயது இருபத்தாறு என்று தொடங்கினாள். யாரும் கேட்காமல் அவள் தானாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பற்றவைத்தால் எப்படி இருக்கும் என்று சொன்னாள். ஏழு விநாடி எரிந்ததைச் சொன்னாள். எண்ணும்போது உதடு அசைந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது தன் குரல் ஏறி இறங்குவது அவளுக்கே கேட்டது. இது எப்போது தொடங்கியது என்று யோசித்தாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

ஜெஸ்லின் அழுதாள். பிறகு தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்துக்கொண்டு போனாள். ட்ரெயினை விட்டுவிட்டாள். இருவருமாக எட்டாவது இணைப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். சாயங்காலம்வரை ஆயிற்று. அது சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, இந்த மே மாதம், நான்கு நாள் விடுப்பில் கௌரி ஊருக்குப் போனாள். சேலத்தில் ஏற்காடு பஸ்ஸில் கோடைக் கூட்டம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் இரண்டு பைகளோடு ஒருத்தி ஏறி, இடம் தேடிக்கொண்டே வந்து, பக்கத்தில் நின்றாள். லூர்துசெல்வி. முடி நன்றாக நரைத்திருந்தது. வேறு இடம் எங்கும் இல்லை.

கௌரி எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு," என்றாள் லூர்துசெல்வி. பைகளைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் அடிவாரத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. நான்கைந்து வளைவு போயிற்று. வளைவுகளில் தோள் இடித்தது.

"எங்க வேலையில இருக்கற இப்ப?"

"தூத்துக்குடிப் பக்கமுங்க. ஹைட்ரஜன் ஆலை."

"அதுவும் வெடிக்குமா?"

"வெடிக்குங்க. பாத்துச் செய்யலைன்னா."

"ம்."

இன்னும் சில வளைவுகள். கீழே சேலம் வெயிலில் மங்கலாகக் கிடந்தது. லூர்துசெல்வி முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

"எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர்கிட்ட உங்கப்பா குடுத்த தாளப் படிச்சுக் காட்டச் சொன்னேன்," என்றாள். "முழுசாப் படிச்சாரு. உன்ற பேரு வர்ற எடமும்." கொஞ்ச நேரம் கழித்து, "கேஸு எப்பிடி இருக்குது?" என்றாள்.

"நடந்துட்டிருக்குதுங்க. அடுத்த மாசம் ஒருக்கா வரச் சொல்லியிருக்காங்க."

"போறியா?"

"போவனுங்க."

லூர்துசெல்வி தலையை ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா, சும்மா மூடியிருந்தாளா தெரியவில்லை. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கௌரியின் முழங்கையில் மயிர் சிலிர்த்தது. அவள் அதைப் பார்த்தாள். குளிர்கிறது என்று நினைத்தாள்.

"அந்தக் கண்ணாடியச் சாத்து கண்ணு," என்றாள் லூர்துசெல்வி, கண்ணைத் திறக்காமலே.

கௌரி ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள். ஏற்காட்டில் இறங்கும்போது லூர்துசெல்வியின் பைகளில் ஒன்றைக் கௌரி எடுத்துக்கொண்டாள். வெள்ளக்கடை பஸ் நிற்கும் இடம்வரை அவள் பின்னாலேயே நடந்துபோய், படியில் வைத்துவிட்டு, கொட்டச்சேட்டு பஸ்ஸுக்காகத் திரும்பி வந்தாள்.